டிஸ்க் கேட்டால் டிஸ்க்

கம்பனியின் ஆண்டு மலருக்கு, பதுளை அலுவலகத்தில் கம்பியூட்டர் வந்த கதையை நகைச்சுவையாக எழுதித் தர முடியுமா என்று இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டார்கள். போனில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். அந்தக் காலத்து ஆட்கள் மவுஸைத் தொடப் பயந்தது, மொனிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தது, அப்படி ஏதாவது போதும் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தால் சந்தனப் பொட்டு நினைவுக்கு வரவில்லை. புஷ்பராணியின் முகம்தான் வருகிறது. இதை மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் போகட்டும், நான் எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் கம்பியூட்டருக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன் நான். தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளின் கையில் கொடுத்த தொண்ணூறுகளில், பதுளையில் இருந்த பிராந்திய அலுவலகத்தில் தட்டெழுத்தாளனாக இருந்தேன். மெஷின் வந்ததும், டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று யாரோ முடிவு செய்தார்கள். கொழும்பில் சில வாரம் பயிற்சி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பழுதுபார்த்துப் படித்தது. தேயிலைத் தூசி புகுந்தால் மெஷின் எப்படி இரையும், இடி இடித்தால் மொடம் எப்படிக் கருகும் என்பதெல்லாம் கொழும்பில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை பசறையிலிருந்து ஒரு மொனிட்டரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் போட்டார். நகைச்சுவை வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பனி லினக்ஸுக்கு மாறியது. மற்ற மென்பொருளுக்கு லைசன்ஸ் எடுக்க மனமில்லை, திருட்டுப் பிரதியை வைத்திருக்கப் பயம். அந்த மாற்றத்தைச் செய்ய வந்தவர்தான் கணேசலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கீபோர்ட்டைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். யாரையும் கத்திப் பேசியதில்லை. பிழை செய்தவனைக் கூப்பிட்டு, எதிரில் நிற்க வைத்து, தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். அதற்குள் நமக்கு வியர்த்துவிடும். கெட்டிக்காரர். அதை நான் மறைக்கவில்லை. லினக்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான்.

லினக்ஸில் மென்பொருளைப் போடவும் எடுக்கவும் தனியாக ஒரு நிரல் உண்டு. பெக்கேஜ் மெனேஜர் என்போம். இன்ன நிரல் வேண்டும் என்று சொன்னால், அது வேலை செய்ய வேறு என்னென்ன வேண்டுமோ அதையும் சேர்த்துக் கொண்டுவரும். கொண்டுவருவதற்கு எங்கள் தோட்டங்களில் இண்டர்நெட் கிடையாது; பின்னேரம் கொழுந்துக் கணக்கை ஈமெயிலில் பதுளைக்கு அனுப்ப ஒரு மொடம் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் டிஸ்க்குகள் இருக்கும். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு என்டரை அழுத்து என்று திரையில் வரும். ஆபரேட்டர் டின்னைத் திறந்து எடுத்துப் போட வேண்டும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு ஆபரேட்டர் பயந்துபோய், தொடரவா என்று மெஷின் கேட்டதற்கு ‘இல்லை’ என்று பதில் கொடுத்துவிட்டான். அது பாதி வேலையில் நின்றது. சம்பள வேலை நடக்கிற நேரம். சேர் அடைமழையில் பஸ் ஏறிப் போனார். வழியில் மண் சரிந்து பாதை மூடிக் கிடக்க, சேற்றில் நடந்து போய்ச் சரிசெய்தார். அந்த வெள்ளைச் சட்டை திரும்பி வந்த நிலையை நான் பார்த்தேன். அடுத்த வாரமே எல்லா ஆபரேட்டர்களையும் பதுளைக்கு வரவழைத்தார்.

“பிள்ளையள், இந்த மெஷின் உங்களைவிடக் கெட்டிக்காரன். அது கேட்டால் ஆம் எண்டு குடுங்கோ. டிஸ்க் கேட்டால் டிஸ்க் குடுங்கோ. இல்லை எண்டு குடுக்கிற ஆள் எனக்கு வேண்டாம்.”

இதை ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்ல வைத்தார். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பாடம் கஷ்டமாக இருக்கவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது துரை எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் ‘ஆமாங்க’ என்று கூடையை எடுத்துக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஒரே தடவையில் மனப்பாடம் செய்துகொண்டு மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் புஷ்பராணி. ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தோட்டம். அப்பா, அம்மா இருவரும் அங்கே நாட்கூலிக்குப் பேர் போட்டு வேலை செய்தவர்கள். மேல்பிரிவில், தோட்டத்துப் பேச்சில் சொன்னால் மேக்கணக்கில், ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டிய லயத்தில் குடியிருந்தார்கள். அந்த லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டிருந்தது. மழை பலமாகப் பெய்தால் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பார்கள். அவள் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, தோட்டத்து ஆபீசில் தற்காலிக ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தாள். அந்த ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் லயத்துப் பிள்ளை அவள். கிளாக்கர்மாருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. வேலை நிரந்தரமானால் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் ஒன்று கிடைக்கும், அப்பா அம்மாவை அந்த மண்மேட்டுக்குக் கீழேயிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணே, என் பைல் எங்க நிக்குது?” என்று கேட்பாள். வேறு எதையும் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்த மேக்கணக்கையே கைவிட்டுவிடக் கம்பனி முடிவு செய்தது. தேயிலையைக் காடாக விட்டுவிட்டு, ஆட்களைக் கீழ்ப்பிரிவு லயங்களில் திணிப்பது திட்டம். கொழும்புக்கும் தோட்டத்து மெனேஜரான பெரிய துரைக்கும் இடையே மட்டும் இருந்த சங்கதி அது. ஒருநாள் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடையைத் தொடாமல் நின்றார்கள். எங்க கணக்க மூடப் போறீங்களாமே, உண்மையா என்று பெரிய துரையிடமே கேட்டார்கள். யார் சொன்னது என்று அவர் கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. கொழும்பில் பூகம்பம் வந்தது. ஈமெயில் வழியாகத்தான் விஷயம் கசிந்திருக்க வேண்டும் என்று அங்கே யாரோ பெரிய மூளை கண்டுபிடித்தது. எல்லாத் தோட்டத்து மெஷினிலிருந்தும் அஞ்சல் அனுப்பும் நிரலை உடனே எடுத்துவிட வேண்டும், கொழுந்துக் கணக்கை இனிப் போனிலேயே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கணேசலிங்கம் சேர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் போட்டு, அடிக்க வேண்டிய கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். புஷ்பராணிக்குச் சொன்னதும் அதே கட்டளைதான். சற்று நேரத்தில் அவள் திருப்பிப் போன் எடுத்து, “முடிஞ்சுங்க சேர்” என்றாள். அவர் நல்லது என்று சொல்லிப் போனை வைத்தார்.

சில நாட்களுக்குப் பிறகு, சொன்னபடி எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க நாங்கள் இருவரும் கம்பனி வேனில் தோட்டம் தோட்டமாகப் போனோம். மற்ற இடங்களில் எல்லாம் சரி. ஹல்துமுல்லைத் தோட்டத்தில் சேர் வழக்கம்போலக் கை கழுவிவிட்டு வந்து புஷ்பராணியின் மெஷினில் உட்கார்ந்தார். பழைய அஞ்சல் நிரல் இல்லை. அதன் இடத்தில் வேறொரு அஞ்சல் நிரல் இருந்தது. பழையது போன அதே நாளில், அதே வேளையில், புஷ்பராணியின் பெயரில் அது உள்ளே வந்திருந்தது. சேரின் கை கீபோர்ட்டுக்கு மேலே அப்படியே நின்றது. எனக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும். விளங்காததைப் பார்த்தால் அது விறுவிறுவென்று தட்டிக்கொண்டே இருக்கும். விளங்கிவிட்டால்தான் நிற்கும்.

பின்னால் நின்ற பெரிய துரை, இது என்ன என்று கேட்டார்.

“இது வேறை ஒண்டு. நாங்கள் போடச் சொல்லாதது” என்றார் சேர்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் ஆறாதது அதனால்தான். புஷ்பராணியை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். மேக்கணக்கு லயத்துப் பிள்ளை, மேக்கணக்கை மூடும் செய்தி கசிந்திருக்கிறது, அஞ்சல் நிரலை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு ரகசியமாக இன்னொன்றைப் போட்டு வைத்திருக்கிறாள். பெரிய துரைக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த மெஷினில் மட்டும், சேர் வெள்ளோட்டமாக ஒரு நாளறிக்கை நிரலைப் போட்டிருந்தார். அன்றன்றைய வேலையைத் தொகுத்து அஞ்சலில் கொடுக்கும் நிரல் அது. அதற்கு ஏதாவது ஒரு அஞ்சல் நிரல் கட்டாயம் வேண்டும். எது என்பதில் அதற்குப் பிடிவாதம் இல்லை. பழைய அஞ்சல் நிரலை எடு என்று புஷ்பராணி சொன்னதும், பெக்கேஜ் மெனேஜர் பார்த்தது. இதை எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் நாளறிக்கையை எடுக்கச் சொல்லவில்லை, அது நிற்க வேண்டுமானால் இன்னொரு அஞ்சல் நிரல் வேண்டும், அது இரண்டாவது டிஸ்க்கில் இருக்கிறது. உடனே டிஸ்க்கைக் கேட்டது. எடுக்கச் சொன்ன கட்டளைக்குள்ளேயே போடுகிற வேலையும் வந்துவிட்டது. இப்படி நடக்கும் என்று புத்தகம் படித்தவனே எதிர்பார்க்கமாட்டான்.

திரும்பி வரும்போது வேனில் சேரிடம் கேட்டேன். அந்த மெஷினில்தானே நாளறிக்கை நிரலைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பண்டாரவளை தாண்டிய பிறகுதான், “அதை விசாரணையிலை பாப்பம் தம்பி” என்றார். நானும் நம்பினேன். ஆனால் விசாரணைக்கு முன்பே அந்த மெஷினைப் பதுளைக்குக் கொண்டுவந்து, பாதுகாப்புக்காக என்று முழுவதையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார்கள். யார் சொன்னது என்று கேட்டால் சேர் கொழும்பைக் கை காட்டினார், கொழும்பு சேரைக் கை காட்டியது.

விசாரணை எங்கள் அலுவலக மாடியில் நடந்தது. கொழும்பிலிருந்து ஆளணி முகாமையாளர் ஒருவர் தலைமை தாங்க வந்திருந்தார். சிங்களவர், ஆங்கிலத்தில் பேசினார். பெரிய துரை அதைத் தமிழில் புஷ்பராணியிடம் கேட்பார். அவள் வெள்ளைச் சேலை கட்டி, தலையை அழுத்தி வாரி வந்திருந்தாள். பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இருந்தது. வாசலில் அவளுடைய அப்பா நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்.

நான் சும்மா போகவில்லை. அலுவலக மெஷின் ஒன்றில் அந்த நாளறிக்கை நிரலை முந்தின நாளே போட்டுத் தயாராக வைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் அதே கட்டளையை அடித்தேன். இன்னது எடுக்கப்படும், இன்னது புதிதாகப் போடப்படும், தொடரவா என்று திரையில் வந்தது. ஆம் என்றதும் டிஸ்க் கேட்டது. தலைவருக்கு விளங்கச் சொல்ல வேண்டுமே என்று, ஒரு ஆள் வேலைக்கு வராவிட்டால் கங்காணி அவர் கொழுந்து பறிக்கும் நிரையை வெறுமையாக விடாமல் வேறொரு ஆளைக் கொண்டுவந்து விடுவதைப் போலத்தான் இதுவும் என்றேன். பெரிய துரைக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். அந்தப் புது அஞ்சல் நிரலுக்கு முகவரி முதலான அமைப்பு எதுவும் கொடுக்கப்படாமல் கிடந்ததையும் சொன்னேன். அதனால் அந்த அறைக்கு வெளியே ஒரு கடிதம்கூடப் போயிருக்க முடியாது. தலைவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். அவளுடைய மெஷினில் இந்த நாளறிக்கை நிரல் இருந்ததா?

மெஷின் அழிக்கப்பட்டுவிட்டது. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். ‘இருந்தது’ என்றேன் நான். தலைவர் சேரைப் பார்த்தார். சேர் மேசையில் இருந்த பேனையை எடுத்து நேராக வைத்தார்.

“நான் கன மெஷினிலை கனக்கப் போட்டுப் பாத்தனான். எதிலை எது எண்டு இப்ப ஞாபகமில்லை.”

அதை ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார். எந்த மெஷினில் எந்த வயர் தளர்வாக இருக்கிறது என்று படுக்கையிலிருந்தே சொல்லக்கூடிய மனிதர் அவர். போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டால், பரிசோதனைக்கு அனுமதி யார் தந்தது என்று கேட்பார்கள். அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இருக்கவில்லை. எனக்கு இதெல்லாம் விளங்குகிறது. விளங்கி என்ன செய்ய?

பிறகு புஷ்பராணியிடம் வந்தார்கள். புதிதாக ஒன்று போடப்படும் என்று திரையில் ஆங்கிலத்தில் வந்ததே, அதை நீ வாசித்தாயா என்று பெரிய துரை கேட்டார். இல்லை என்று சொல், எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது என்று சொல் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“வாசிச்சேங்க. வாசிச்சிட்டுத்தான் ஆமான்னு குடுத்தேன்.”

எடுக்கத்தானே சொன்னார்கள், எடுப்பதற்கு எதற்கு டிஸ்க் என்று உனக்குத் தோன்றவில்லையா என்று மறுபடி கேட்டார்.

“தோணுச்சுங்க. ஆனா டிஸ்க் கேட்டா டிஸ்க் குடுக்கணும்னு சேர்தாங்க சொல்லிக்குடுத்தாரு. இல்லைன்னு குடுக்கிற ஆள் வேணாம்னு சொன்னாரு.”

எல்லோரும் சேரைப் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“புத்தியுள்ள பிள்ளை எண்டால் ஒருக்கா போன் எடுத்துக் கேட்டிருக்கும்” என்றார்.

தலைவர் எழுதிக்கொண்டார். வாசித்தாள், புரிந்துகொண்டாள், தெரிந்தே சம்மதம் கொடுத்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் உண்மையைக் கேட்டு வாங்கி, அதையே அவள் கழுத்தில் கட்டினார்கள். வேலையைவிட்டு நீக்குகிறோம் என்றுகூட எழுதவில்லை. தற்காலிக நியமனம் நீடிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்த நாற்காலி ஒரு வாரம்கூடக் காலியாக இருக்கவில்லை, பெரிய கிளாக்கருடைய மருமகன் வந்து உட்கார்ந்தான். மேக்கணக்கையும் மூடினார்கள். புஷ்பராணியின் அப்பா, அம்மா கீழ்ப்பிரிவில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே லயக் காம்பராவில் அடைந்தார்கள். விஷயத்தை வெளியே விட்டது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு யாரும் தேடவுமில்லை.

இதோடு முடிந்திருந்தால் சேருக்கு உண்மையாகவே மறந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த மாதம் அவர் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு சுற்றுநிருபம் அனுப்பினார். மென்பொருள் ஒன்றை எடுக்கும்போது, புதிதாக ஒன்று போடப்படும் என்று திரையில் வந்தாலோ டிஸ்க் கேட்டாலோ, ‘இல்லை’ என்று பதில் கொடுத்து உடனே பதுளைக்குத் தெரிவிக்க வேண்டும். எடுக்கப்படும் நிரலை நம்பி வேறு நிரல் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என்ன தெளிவு, என்ன ஒழுங்கு! கொழும்பிலிருந்து பாராட்டும் வந்தது. அதை டைப் அடித்தவன் நான். அடித்து முடித்துக் கையெழுத்துக்கு வைத்தபோது, இது அந்தப் பிள்ளைக்கு நடந்ததுதானே சேர் என்றேன். வாசித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு வேலையைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் ஓய்வு பெற்றபோது பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். அவருடைய இடத்துக்கு என்னைப் போடாமல் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும்.

பல வருடங்களுக்குப் பிறகு பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் புஷ்பராணியைக் கண்டேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டு, தன் பக்கத்தில் இடம் விட்டாள். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் நிற்பதாகச் சொன்னாள். முதலாளி நல்ல மனிதராம். அப்பா தவறிவிட்டார், அம்மா தன்னோடுதான் இருக்கிறார் என்றாள். கம்பியூட்டர் பக்கம் போகவில்லையா என்று கேட்டேன். கடையில் பில் போட ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு அந்தச் சுற்றுநிருபத்தைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பிழை அவளுடையதல்ல என்று சேருக்கே தெரியும் என்பதை அவள் அறிந்துகொண்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று கொடுத்திருக்கலாமே தங்கச்சி என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கணக்குச் சரியா என்று பார்ப்பவள் போலக் கொஞ்சம் யோசித்தாள்.

“குடுத்திருந்தா, சொன்னத செய்யலன்னு நிப்பாட்டியிருப்பாங்கண்ணே. ஆமான்னு குடுத்தேன், சொல்லாதத செஞ்சேன்னு நிப்பாட்டினாங்க.”

ஹாலிஎலவில் இறங்க வேண்டும் என்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.